பூசணிக்காய்க்கு அனுமதி வாங்கவில்லை

போன புதன்கிழமை லிட்டில் இந்தியாவில் கடை திறந்தேன். முதலாளியாக நான் செய்த முதல் காரியம் — பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, மண்டியிட்டு, பொது நடைபாதையைத் தேய்த்துக் கழுவியது. வேண்டுதல் எதுவும் இல்லை. முட்டாள்தனம்தான்.

இந்த வயதில் ஒருவன் நல்ல வேலையை விட்டுவிட்டு, அயல்நாட்டில் காப்பித்தூள் கடை வைப்பானா? நீங்கள் கேட்க வேண்டாம். என் மனைவி கேட்டாயிற்று.

வெளிநாட்டுக்காரன் இங்கே கம்பெனி தொடங்கினால், உள்ளூர்வாசி ஒருவர் டைரக்டராக இருந்தாக வேண்டும். எனக்கு வாய்த்தவர் யூசுப் பாய். தெம்பனிஸ் வட்டாரத்துக்காரர், துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நூலகத்தில் ஒரே புத்தகத்துக்கு இருவரும் கை நீட்டியதில் ஏற்பட்ட நட்பு. (புத்தகத்தை அவர்தான் கொண்டுபோனார்.) கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"அறுபத்தாறு வயசு எனக்கு. இன்னிக்கு வரைக்கும் ஒரு பார்க்கிங் ஃபைன்கூட வாங்கினதில்ல. என் பேரைக் காப்பாத்திடுங்க லா." (அந்த 'லா' இந்த ஊர்ப் பேச்சின் வால்.)

காப்பாற்றத்தான் படாத பாடுபட்டேன். உணவுச் சுகாதார வகுப்பில், என்னில் பாதி வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, கை கழுவுவது எப்படி என்று பரீட்சை எழுதித் தேறினேன். பெயர்ப்பலகைக்கு அனுமதி. தீயணைப்புக் கருவி. வறுக்கிற புகை எந்தப் பக்கம் போகும் என்று ஒரு வரைபடம். அத்தனையும் ஒரே ஃபைலில், கலர் கலராக அட்டை வைத்துப் பிரித்து. அதைப் பார்த்து பாயே அசந்துபோனார்.

எத்தனை விண்ணப்பங்கள்... எத்தனை கேள்விகள்... ஒன்றிலாவது 'திறப்பு நாளன்று பூசணிக்காய் உடைப்பீர்களா?' என்று கேட்டிருந்தார்களா? கேட்டிருந்தால் யோசித்திருப்பேனே!

காலை ஏழரை மணி. பூஜை முடிந்தது. வெள்ளைப் பூசணியில் துளை போட்டு, குங்குமத்தைக் கரைத்து ஊற்றி, மேலே கற்பூரம் ஏற்றி, கடைக்கு மூன்று சுற்றுச் சுற்றி... வாசலில் ஓங்கிப் போட்டேன். என்ன சத்தம்! திருச்சியாக இருந்தால் நாலு பேர் நின்று, "நல்லா உடைஞ்சிருக்கு" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

இங்கேயும் நாலு பேர் நின்றார்கள். யாரும் சர்டிபிகேட் கொடுக்கவில்லை. தூண், சுவர், பக்கத்துக் கடையின் ஷட்டர் — எங்கு பார்த்தாலும் சிவப்பு. யாரையோ வெட்டிச் சாய்த்த இடம் மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்தார் பாய். கையில் பூச்செண்டு. முகத்தில் ரத்தமே இல்லை. எல்லாம் தரையில் கிடந்தது.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"திருஷ்டி கழிச்சேன் பாய்."

"அந்த முனையில பாருங்க, யூனிஃபார்ம். குப்பை போட்டா பிடிக்கிற ஆபீசர். இப்படித்தான் வர்றாரு. ஃபைன் போட்டா கம்பெனி பேருக்கு வரும். கம்பெனி பேருக்குக் கீழ யார் பேரு இருக்கு?"

எனக்குத் தெரியும். நீல அட்டைக்கு அடுத்து, மூன்றாவது பக்கம்.

அப்போது பக்கத்துக் கடை ஷட்டர் உயர்ந்தது. சிவப்புப் புள்ளிகளும் அதோடு சேர்ந்து மேலே போயின. கீழே நின்றவர் பிளாஸ்டிக் சாமான் விற்கும் சீன ஆன்ட்டி. நாற்பது வருடமாகத் தமிழர்களுக்கு வாளி விற்றே கற்றுக்கொண்ட தமிழ், என் தமிழைவிட வேகமாக ஓடும்.

"நீங்க ஏன் என்கிட்ட பை வாங்கல?"

"என்ன பை ஆன்ட்டி?"

"பூசணிக்கா பை லா! இந்த ரோட்டுல கடை தொறக்கிறவங்க எல்லாம் என்கிட்டதான் வாங்குவாங்க. பெருசு, நல்ல தடிப்பு. சூடத்தை அணைச்சிட்டு, பைக்குள்ள போட்டுக் கட்டி, அப்புறம்தான் உடைப்பாங்க. நீங்க வந்து கேக்கல. சரி, இவரு உடைக்கிற ஆளு இல்லபோலன்னு விட்டுட்டேன்."

பாருங்கள்... ஒரு தெருவே கூடிக் கண்டுபிடித்து வைத்திருக்கிற வழி. அது எந்த விண்ணப்பத்திலும் இல்லை. அரசாங்கத்திடம் ஆறு மாதமாக எல்லாவற்றையும் கேட்டவன், அடுத்த கடையில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்த ஊரின் சட்டத்தையெல்லாம் படித்துவிடுகிறோம். சொந்த ஊரின் பழக்கம் மட்டும் நம்மைக் கேட்காமலே கையை ஓங்கிவிடுகிறது!

தத்துவம் பேச நேரமில்லை. ஆன்ட்டி இரண்டு வாளி, மூன்று பிரஷ், அந்தப் புகழ்பெற்ற பை எல்லாவற்றையும் எடுத்துப் போட்டார். பாய் பூச்செண்டை ஓரமாக வைத்துவிட்டு, கால்சட்டையைச் சுருட்டினார். அறுபத்தாறு வருட நற்பெயர் எவ்வளவு வேகமாகத் தரை தேய்க்கும் என்று அன்றுதான் கண்டேன்.

ஆபீசர் வந்தேவிட்டார். ஈரத் தரையைப் பார்த்தார். கட்டி வைத்த பையைப் பார்த்தார். மண்டியிட்டிருந்த இரண்டு டைரக்டர்களைப் பார்த்தார்.

"யாரு உடைச்சது?" — தமிழ்!

"நான்தான்" என்றேன். பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

"புதுக் கடையா? அடுத்த தடவை பையில உடைங்கண்ணே" என்றவர், போகிற போக்கில் திரும்பினார். "அந்தத் தூணுக்குப் பின்னால ஒரு விதை கெடக்கு பாருங்க."

பாய் அந்த விதையைப் பொறுக்கினார். குப்பைத் தொட்டியைக்கூட நம்பாமல், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை வரை கடைக்கு ஐந்து பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் வழி கேட்டவர்கள். கடை அடைக்கிற நேரத்தில் ஆன்ட்டி வந்தார். நான் போட்டுக்கொடுத்த காப்பியை நின்றபடியே உறிஞ்சிவிட்டுக் கேட்டார்.

"எவ்வளவோ பை வித்திருக்கேன். கேட்டதே இல்ல. இந்தப் பூசணிக்கா எதுக்கு உடைக்கிறீங்க?"

"கடையைப் பாத்து யாரும் பொறாமைப்படக் கூடாதுன்னுதான் ஆன்ட்டி."

ஆன்ட்டி நிதானமாக ஒருமுறை கடையைச் சுற்றிப் பார்த்தார். விற்காத காப்பித்தூள் பொட்டலங்கள். யாரும் உட்காராத நாற்காலிகள். கல்லாவில் நான்.

"முதல்ல கஸ்டமர் வரட்டும் லா. பொறாமை எல்லாம் அப்புறம் மெதுவா வரும்."