மகள் கேட்ட 'பானி'

மகளுக்கு ஒரு வயதானதும் பனியன் கம்பெனியில் அரைநாள் வேலைக்குத் திரும்பினேன். நான் வேலை முடிந்து வரும்வரை பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் அவளைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. ஒருநாள் வீட்டில் அவள் டம்ளரைக் காட்டி, "பானி" என்றாள். தண்ணீருக்கு இந்தியில் அப்படிச் சொல்வார்கள் என்பதைத் தவிர எங்களுக்கும் இந்தி தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. யார் சொல்லிக்கொடுத்தது?

மறுநாள் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். அக்கா வீடு பூட்டியிருந்தது. பதறிக் கூப்பிட்டதும், மாடியில் குடியிருக்கும் பீகார்ப் பெண் மகளை இடுப்பில் வைத்தபடி எட்டிப்பார்த்தார். "அக்கா தினம் வேற ஒரு கம்பெனி வேலைக்குப் போறாங்க. பாப்பா என்கூட இருக்கு" என்றார். நான் கை நீட்டியும் மகள் அவர் தோளை விடவில்லை.

மாலையில் அக்காவிடம் கேட்டேன். "நல்லாத்தான் பாத்துக்கறா கண்ணு. சொன்னா நீ உடமாட்டீன்னுதான்..." என்று இழுத்தார்.

இப்போது மகளை அந்தப் பெண்ணிடமே நேராக விடுகிறேன். ஆனாலும் அவ்வப்போது சொல்லாமல் போய் நிற்கிறேன். அவர் கோபித்துக்கொள்வதில்லை. "வாங்க" என்று சிரித்தபடி கதவைத் திறக்கிறார்.