மன்றாட்டும் ஆப்சென்ட்டும்

கட்டம் கட்டமாகத் தெரியும் முகங்களைப் பார்த்துப் பாடம் நடத்துவதும் ஒரு பிழைப்பா என்று கேட்காதீர்கள். அதே பாடுபடுகிற ஆசிரியர்களான உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரிக்காக 'மனித மாண்பு' என்ற பாடத்தை ஆன்லைனில் எடுக்கிறேன்.

சத்தமில்லாத செபம்

எங்கள் வகுப்பு செபத்தோடுதான் தொடங்கும். முதல் நாள் சிலுவை அடையாளம் போட்டு, கண்ணை மூடி, உருகி உருகிச் செபித்தேன். கண்ணைத் திறந்தால் ஆளாளுக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். பூச்சோங்கிலிருந்து படிக்கும் ஆல்பர்ட்தான் வாயைத் திறந்தான்: "சார், மைக் ஆஃப்ல இருந்துச்சு. பரவால்ல லா, நாங்க ஆமென் சொல்லிட்டோம்."

என் சொந்தச் சட்டம்

கேமரா போடாதவருக்கு ஆப்சென்ட் என்று சட்டம் போட்டேன். கல்லூரி கேட்கவே இல்லை, எல்லாம் என் மூளைதான். முகம் பார்த்துப் பேசினால்தான் மனிதத்தன்மை என்று விளக்கம் வேறு. எங்கள் துறைத் தலைவி, ஒரு கன்னியாஸ்திரி, ஒருநாள் வகுப்புக்குள் எட்டிப் பார்த்தார். கண்ணிமைக்காமல் விறைத்து உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "என்ன சார், எல்லாரும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உக்காந்திருக்காங்களா?"

கிள்ளான் ஸ்டெல்லா

செபத்துக்கு முன் யாருக்காக மன்றாட வேண்டும் என்று கேட்பேன், சாட்டில் எழுதுவார்கள். கிள்ளானிலிருந்து ஸ்டெல்லா வாராவாரம் 'அப்பாவுக்காக' என்று எழுதுவாள். நானும் அவள் அப்பாவுக்காக மனமுருகி மன்றாடுவேன். ஆமென் சொன்ன கையோடு, கேமரா போடாத குற்றத்துக்கு அவளுக்கு ஆப்சென்ட்டும் போடுவேன்.

வருகை குறைந்து, அவள் பரீட்சையே எழுத முடியாது என்கிற நிலை வந்துவிட்டது. கண்டிக்கலாம் என்று போன் போட்டேன். அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் நாளும் என் வகுப்பு நாளும் ஒன்றாம். அங்கே உட்கார்ந்துதான் பாடம் கேட்கிறாளாம். கேமரா போட்டால் பக்கத்துப் படுக்கையில் ஊசி குத்திக் கிடப்பவர்கள் எல்லாருக்கும் தெரிவார்களே, பாவம் என்று போடவில்லையாம். "ஏம்மா, என்கிட்ட சொல்லக்கூடாதா?" என்று அப்போதும் அதட்டலாகத்தான் கேட்டேன்.

"வாராவாரம் அப்பாவுக்காகச் செபம் பண்ணீங்க சார். அப்பாவுக்கு என்னன்னு ஒருவாட்டிகூடக் கேக்கலையே."

கூனிக்குறுகிப் போனேன். சட்டத்தை அன்றைக்கே தூக்கிப்போட்டு, அவள் வருகையையும் திருத்திக் கொடுத்தேன்.

ஸ்டெல்லா பரீட்சை எழுதித் தேறிவிட்டாள். மனித மாண்பை மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டியவன் அந்த வகுப்பில் நான் ஒருவன்தான்.