சோள ரொட்டியும் எங்கள் அரிதட்டும்

என் கணவர் பீட்சா போடுகிறவர். ஜெர்மனியின் பான் நகரில் ஒரு இத்தாலியக் கடை. முதலாளி இத்தாலியர், அடுப்படி முழுக்க யாழ்ப்பாணம். இந்த நாட்டில் எங்களுக்குச் சோறு போட்டது கோதுமை மாதான். ஞாயிறு அவருக்கு லீவு. அன்றைக்கும் மனிதர் சும்மா இருக்கமாட்டார். கோதுமை மாவையும் துருவிய தேங்காய்ப்பூவையும் குழைத்து ரொட்டி சுடுவார். நான் செத்தல் மிளகாய்ச் சம்பல் இடிப்பேன். கல்லிலிருந்து இறங்க இறங்க மகள் பிய்த்துத் தின்பாள். தகப்பனும் மகளும் வாய் திறந்து பேசுகிற நேரம் அது ஒன்றுதான். மற்ற நாட்களில் இவர் வேலையால் வரும்போது அவள் நித்திரை, அவள் பள்ளிக்கூடம் போகும்போது இவர் நித்திரை.

பதினாறு வயதில் அவளுடைய வயிற்று வருத்தம் என்னவென்று பிடிபட்டது. கோதுமை இனி ஆயுளுக்கும் ஆகாது, ஒரு துகள்கூட ஆகாது என்றார் டாக்டர். இவர் கோதுமை என்ற சொல்லோடேயே நின்றுவிட்டார், துகள் காதில் ஏறவில்லை. நான் தோசைக்கல், கரண்டி, பலகை எல்லாம் புதிதாக வாங்கினேன். அரிசி மாப் பிட்டும் இடியப்பமும் இருக்கின்றனவே என்று ஆறுதல் சொன்னேன். ஆனால் அவை என் சமையல். இவருடைய ரொட்டி நின்றுபோனது. ஞாயிறுகளில் மகள் அறைக்குள் இருந்து சப்பென்ற அரிசி பிஸ்கட்டைக் கடித்தாள். இவர் தொலைக்காட்சிக்கு முன்னால் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு இருந்தார். எனக்கு இரண்டு பேரையும் பார்க்கப் பொறுக்கவில்லை.

பிறகு ஒருநாள் துருக்கிக் கடையில் மஞ்சள் சோள மா வாங்கி வந்தார். பிசையப் பிசைய மா இழுபடும் என்பது பீட்சாக்காரரின் வேதம். வியர்க்க வியர்க்கப் பிசைந்தார். சோளம் இவருடைய வேதத்தை மதிக்கவில்லை. கல்லில் போட்டதும் கோடைக் குளம்போல வெடித்தது.

மேல்மாடியில் ஒரு மெக்சிக்கோப் பெண் இருக்கிறார். பல் வைத்தியரிடம் வேலை, நல்ல வாய்க்காரி. படிக்கட்டில் இந்தக் கதையைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வெறும் சோளத்தை அரைத்தால் ஒட்டாதாம். சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து, ஊறவிட்டு, தோல் போகக் கழுவித்தான் அரைக்கவேண்டுமாம்.

“எங்கள் ஆட்கள் ஆதியிலேயே கண்டுபிடித்தது,” என்றார் ஜெர்மன் மொழியில். “கப்பலில் வந்த ஐரோப்பியர்கள் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போனார்கள். அதனால்தான் அங்கே சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளுக்கு நோய் வந்தது.”

வீட்டில் வந்து சொன்னேன். “வெத்திலைக்குப் பூசுற சுண்ணாம்போ?” என்று கேட்டார் இவர். இவருக்கு நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் அந்தப் பெண் கொடுத்துவிட்ட, சுண்ணாம்பில் அவித்தே அரைத்த மாப் பாக்கெட்டை வாங்கி வைத்தார்.

அந்த ஞாயிறு வழக்கம்போல மாவை அரித்து, இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, வட்டம் வட்டமாகச் சுட்டார். வெடிக்கவில்லை. மகள் பழையபடி அடுப்படியில் நின்று தின்றாள். இவர் பாட்டுக்கூடப் பாடினார், கேட்கச் சகிக்கவில்லை, நான் சம்பலை இன்னும் பலமாக இடித்தேன்.

திங்கட்கிழமை அவள் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை. பள்ளிக்கூடம் இல்லை, சாப்பாடு இல்லை. எழுந்து நடமாடத் தொடங்கியதும் தகப்பனிடம் வந்தாள்.

“அப்பா, கோவிக்காதேங்கோ. இனி எனக்கெண்டு ஒண்டும் செய்ய வேண்டாம். எனக்குப் பயமாக் கிடக்கு.”

“சரியம்மா,” என்றார். அவ்வளவுதான். அவள் போனபிறகு என்னிடம் பாய்ந்தார். “அவவின்ரை மாதான் பிழை. சுண்ணாம்பு வயித்துக்குள்ளை போற சாமானோ?”

நான் அதை மேல்மாடிக்குச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதுதான், ஆனால் எனக்கும் ஆற்றாமை. அடுத்த ஞாயிறு அந்தப் பெண் நாட்டு மானத்தைக் காக்க வந்தவர்போலப் புதுப் பாக்கெட்டுடன் வந்து நின்றார்.

“நீங்கள் செய்தபடியே செய்து காட்டுங்கள்.”

இவர் சுவர் ஆணியிலிருந்து அரிதட்டை எடுத்தார். ஊரிலிருந்து வந்த சல்லடை, தகர விளிம்பு, கம்பி வலை. எங்கள் ஊர் வீடுகளில் அரிக்காத மா பாத்திரத்துக்குள் போகாது. ஜெர்மன் மாவில் வண்டு இல்லை, புழு இல்லை. நானே அரிசி மாவைப் பாக்கெட்டிலிருந்து அப்படியே கொட்டப் பழகிவிட்டேன், இவர் கைதான் கேட்காது.

“இது எதற்கு?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“மா அரிக்க.”

“எந்த மா?”

“எல்லா மாவும்…” என்று தொடங்கியவர் நிறுத்தினார்.

அரிதட்டை நாங்கள் கழுவுவதில்லை. ஈரம் பட்டால் வலை துருப்பிடிக்கும். தட்டிவிட்டு ஆணியில் மாட்டுவதுதான் வழக்கம். இவர் மெதுவாக அதை மேசையில் தட்டினார். விளிம்பு மடிப்புக்குள்ளிருந்து வெள்ளையாகக் கொஞ்சம் கொட்டியது. பழைய கோதுமை மா.

இவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். “நான்தான் பிள்ளைக்கு நஞ்சு குடுத்திருக்கிறன்,” என்றார். அந்த ஆணியைக் கடந்து நானும்தான் நாளும் பொழுதும் போய்வந்தேன், எனக்கும் படவில்லை. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அரிதட்டைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். மேசையைத் துடைத்துத் துடைத்துக் கழுவினேன். இவர் போய்க் குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தார்.

பிறகு அந்தப் பெண் காட்டினார். உருண்டையை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து, கனத்த சட்டியால் ஒரே அமுக்கு. எண்ணெய் இல்லாத சூடான கல். ரொட்டி உப்பி எழும்பியது. மணத்துக்கு மகள் கதவடியில் வந்து நின்றாள். என் சம்பலை ருசி பார்த்த அந்தப் பெண், மிளகாயும் தங்கள் பக்கத்திலிருந்து போனதுதான் என்றார்.

“மிளகாயும் அவையின்ரையோ?” இவர் தமிழில் முறையிட்டார். “அப்ப எங்கடை எண்டு என்ன மிஞ்சும்?”

“தேங்காய்ப்பூ, அப்பா,” என்றாள் மகள்.

நடந்ததை நான் அவளுக்குச் சொன்னேன். அவள் வெறுமையான ஆணியைப் பார்த்தாள், ஈரத்தலையோடு நின்ற தகப்பனைப் பார்த்தாள். ஒரேயொரு ரொட்டியை எடுத்துச் சின்னச் சின்னதாகக் கடித்தாள். போதும் என்று அறைக்குப் போய்விட்டாள்.

பத்து மணிக்கு முன் கண் விழிக்காத மனிதர் மறுநாள் விடியவே அடுப்படியில் இருந்தார். நான் தேத்தண்ணி வைத்தேன், குடிக்கவில்லை. மகளின் அறைக் கதவு திறந்தது. குளியலறைப் பக்கம் போகாமல் நேரே இங்கே வந்தாள். தோளில் பள்ளிக்கூடப் பை. இவர் அவள் முகத்தையே பார்த்தார், கேட்கத் துணிவு வரவில்லை.

“அப்பா, ரொட்டி மிச்சம் கிடக்கோ? பள்ளிக்குடத்துக்குக் கொண்டு போகப்போறன்.”

“மிச்சம் வேண்டாம், புதுசாச் சுட்டுத் தாறன்,” என்று இவர் எழுந்தார். மாப் பாக்கெட்டுக்கு நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினார்.

“கொஞ்சம் பொறு பிள்ளை. கை கழுவிப்போட்டு வாறன்.”