முதுகுத் தோல்

என் அறையின் சன்னலோரத்தில் பின்கால் இல்லாத நாற்காலி ஒன்று இருக்கிறது. ஒரே இரும்புக் குழாயை வளைத்துச் செய்தது. முன்னால் இறங்கித் தரையில் ஓடி, மறுபடி முன்னாலேயே ஏறிவிடும் குழாய். பின்னால் வெறும் காற்றுதான். உட்காரும் இடத்தில் கட்டிய தோல் இன்று குழந்தைத் தூளியைப் போலத் தொங்குகிறது. வருகிறவர்களை நான் பக்கத்திலிருக்கும் மர ஸ்டூலில்தான் உட்காரச் சொல்வேன்.

ஆம்பூரில் நான் டைப்பிஸ்ட்டாக இருந்த தோல் பதனிடும் டேனரியில், பதமான தோல்களைத் தரம் பிரிக்கிற பாய் ஒருவர் இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். கையெழுத்துப் போடுவதோடு அவர் படிப்பு முடிந்துவிட்டது. நான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன். அப்பா அதே டேனரியின் சுண்ணாம்புக் குழியில் நின்று தேய்ந்தவர். சாய வேலையைக் கவனித்துவந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பலேறும் முன், பங்களாச் சாமான்களில் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். செதுக்கு வேலை செய்த கட்டில், கொடி சுற்றிய கண்ணாடி என்று அவரவர் பாய்ந்தார்கள். எனக்குச் சிங்கத் தலை வைத்த தொப்பி ஸ்டாண்டு கிடைத்தது. எங்கள் வீட்டில் தொப்பி போடுகிறவர் யாருமில்லை. பாய் மட்டும் ஒரு மூலைக்குப் போய், பின்கால் இல்லாத நாற்காலிகள் இரண்டில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இருக்கையை எலி கடித்த இன்னொன்று கேட் கொட்டகைக்குப் போனது.

"இன்னா பாய், பின்னங்காலு ரெண்டையும் துரை கப்பல்ல எடுத்துனு போய்ட்டாரா?" என்று ஸ்டோர்காரர் கேட்டதும் எல்லோரும் சிரித்தோம். பாய் அதில் உட்கார்ந்து லேசாக ஆடிக்கொண்டே, "நாலு காலு மாட்டுக்கு வேணும். எனக்கு ரெண்டு போதும்," என்றார்.

சில மாதம் கழித்து, ஆபீசுக்கு வந்த வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் அதே நாற்காலியின் படத்தைப் பார்த்தேன். நவீனக் கலையின் ஆரம்ப நாட்களில் செய்தது, தேடி வாங்கி வைக்கிறார்கள் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தது. இங்கிலீஷ் படித்த நான் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்; படிக்காத அவர் எடுத்திருக்கிறார். அன்றைக்கு என் வயிற்றில் பற்றியது இன்னும் அணையவில்லை. அதன்பிறகு பாய் வேலூர்ப் பழைய சாமான் கடைகளுக்குப் போய் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். பால் நிறக் கண்ணாடி உருண்டை விளக்கு, பூவே போடாத டீக் கூஜா, வளைத்த பலகைத் தட்டு. நானும் பத்திரிகையில் வந்த பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு போவேன். அவர் முந்தின நாளே வந்துபோயிருப்பார். எப்படித்தான் தெரிகிறது என்று ஒருமுறை கேட்டேவிட்டேன். "தோல்ல கோளாறு இருந்தா மேல சாயத்த ஜாஸ்தி ஏத்துவான். சாமானும் அப்படித்தான். ஒண்ணும் பூசாததா பாத்து எடுக்கறேன். இதுக்கு இன்னா படிப்பு?" என்றார்.

தோல் வாங்க வருஷாவருஷம் வருகிற வெள்ளைக்காரர் ஒருவர் அந்த நாற்காலியைப் பற்றிக் கேள்விப்பட்டு, பாய் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்க்க நான் போனேன். மூன்று வருஷமாக அவருக்குக் கடிதம் அடித்தவன் நான். என் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை. பாயின் பெயரை இரண்டு முறை சொல்லிப் பழகினார். அடுத்த வருகையில் அவரை என் வீட்டில் உட்காரவைப்பது என்று அன்றே முடிவு செய்தேன். கேட் கொட்டகையில் கிடந்த இரண்டாவது நாற்காலியைக் கேட்டு வாங்கித் துருவைத் தேய்த்தேன். பாயைக் கேட்காமல் கிடங்கில் நானே ஒரு தோலைப் பொறுக்கினேன். ஒரு வடுகூட இல்லாமல், கன்னம்போல மெத்தென்று இருந்தது. அப்பா கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "டேய், இது வயித்துத் தோலுடா. இழுத்துத் தொங்கிடும். உக்கார்றதுக்கு முதுகுத் தோலு போடணும்," என்றார். "உனக்கின்னா தெரியும்பா? படத்துல இப்படித்தான் கீது," என்றேன்.

வெள்ளைக்காரர் வந்தார், பாயும் கூட வந்தார். நாற்காலியைச் சுற்றிப் பார்த்துப் புகழ்ந்து, காப்பி டம்ளரோடு உட்கார்ந்தார் வெள்ளைக்காரர். பேசப் பேசத் தோல் இறங்கிக்கொண்டே போயிற்று. முழங்கால்கள் நெஞ்சுக்கு வந்துவிட்டன. கடைசியில் பாய்தான் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கிவிட்டார். வெள்ளைக்காரர் சிரிக்கவில்லை. தோலைத் தட்டி, இது உங்கள் டேனரித் தோலா, யார் பொறுக்கியது என்று கேட்டார். நான் அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கினேன். ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாத பாய்க்குக் கேள்வி புரிந்துவிட்டது.

"நான் பொறுக்கினதுன்னு சொல்லு."

"பாய்..."

"சொல்லுய்யா."

சொன்னேன். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

வெளியே வந்ததும் பாய் சீறினார். "உனக்காகன்னு நெனச்சுக்காத. ஆபீஸ்ல கீறவனுக்கே வயிறு எது முதுகு எதுன்னு தெரியாத டேனரின்னு ஊர் பூரா சொல்லுவான். என் கண்ணு ஒருநாள் தப்புச்சுன்னு போட்டும்."

அது அப்படிப் போகவில்லை. அதுவரை பாய் பொறுக்கிய கட்டுகளை வெள்ளைக்காரர் பிரித்ததே கிடையாது. மறுநாள் ஒவ்வொரு கட்டையும் அவிழ்க்கச் சொல்லி, தோல் தோலாகப் புரட்டினார். பாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். நான் டைப் மெஷினுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். போய் உண்மையைச் சொல்லப் பத்தடி தூரம்கூட இல்லை. போகவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது, கூடவே, அவரையும் ஒருவன் சந்தேகப்பட்டான் என்று ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது. அதை எழுதாவிட்டால் இதில் எதையுமே எழுதியிருக்க வேண்டாம்.

அடுத்த வாரம் பாயிடமிருந்து வீட்டுக்குச் சுருட்டிய தோல் ஒன்று வந்தது. முதுகுத் தோல். குழாய்க்குச் சரியாக வெட்டி, துளையெல்லாம் போட்டு, ஓரத்தில் முதல் தரம் என்று அவருடைய சாக்கட்டிக் கோடு. அவர் என் நாற்காலியை அளந்து நான் பார்க்கவில்லை. கண்ணாலேயே அளந்திருக்கிறார். நன்றி சொல்லக்கூட முடியாதபடி எனக்கு எரிந்தது.

இப்போது வேலூரில் வேறு வேலையில் இருக்கிறேன். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் அந்தத் தோலுக்கு எண்ணெய் தடவுவேன், சாக்கட்டிக் கோடு அழியாமல். பிறகு சுருட்டிப் பரணில் வைத்துவிடுவேன். அதை மாட்டினால் உட்காருகிறவர்கள் எல்லோரும் அவர் கண்ணைப் புகழ்ந்தபடி என் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

நேற்று வந்த நண்பர், "ஏன்யா, இந்தத் தோலை மாத்தக் கூடாதா?" என்று கேட்டார். "நல்ல தோலா கிடைக்கல," என்றேன். அவர் போனபின் நானே நாற்காலியில் உட்கார்ந்தேன். தோல் இறங்கியது, முழங்கால் நெஞ்சுக்கு வந்தது, தலை தானாகப் பின்னால் சாய்ந்தது. அந்த இடத்திலிருந்து பார்த்தால் நேர் மேலே பரண்தான் தெரிகிறது.