கால் வலியால் இயற்கை எய்தியவரின் ஊருக்கு

சனிக்கிழமை காலை 5.40. கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் திருவண்ணாமலை பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வழி செங்கல்பட்டு, திண்டிவனம், செஞ்சி. கண்டக்டரிடம் கீழ்பென்னாத்தூருக்கு ஒரு டிக்கெட் கேட்டேன். நூற்றைம்பது ரூபாய். கோயிலுக்கு இல்லையா என்று விசாரித்தார். சனிக்கிழமை அந்தப் பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் அண்ணாமலையாரைப் பார்க்கப் போகிறவர்கள்தான். ஒரு வீட்டுக்குப் போகிறேன் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன்.

உங்களிடம் பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

வடசென்னையில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து போஸ்டர் வடிவமைப்பது என் வேலை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் என் கைதான். அதிலும் கண்ணீர் அஞ்சலியில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். கறுப்புக் கட்டம், நடுவில் படம், இடப்பக்கம் தோற்றம், வலப்பக்கம் மறைவு, கீழே நாலு வரி. முன்பின் தெரியாதவனையும் அழ வைத்துவிடுவான் என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வார்.

இன்னொரு பக்கம் நான் கால்பந்துப் பைத்தியம். எங்கள் பேட்டையில் கிரிக்கெட் மட்டை வைத்திருப்பவனை வேடிக்கை பார்ப்பார்கள். பன்னிரண்டு வருடமாக எங்கள் கிளப் ஆடும் மைதானத்தில் வடக்கு கேலரிதான் என் இடம். கிளப்பின் பெயரைச் சொல்ல மாட்டேன். அதன் நிர்வாகம் பந்தாட்டத்தில் எப்படியோ, வழக்குப் போடுவதில் சமர்த்து. போன சீசனில் நல்ல கோல்கீப்பரை விற்றார்கள். கேலரி டிக்கெட்டை நூறிலிருந்து நூற்றைம்பது ஆக்கினார்கள். குடிக்கத் தண்ணீர் மட்டும் வைக்கவில்லை. அணி வரிசையாகத் தோற்றது. முதலாளிமார் கண்ணாடி அறைக்குள் இருந்தார்கள். நாங்கள் கத்துவது அவர்களுக்குக் கேட்காது. ஆகவே யாருக்குக் கேட்குமோ அவனைப் பிடித்துக்கொண்டோம்.

அவன்தான் குமரவேல், எங்கள் நட்சத்திர முன்கள ஆட்டக்காரன், பத்தாம் எண். முழங்கால் வலி என்று ஆறு ஆட்டம் உட்கார்ந்திருந்தான். ஆறாவது ஆட்டம் நடந்த வாரம் ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழாவில் மேடையேறி இரண்டு ஸ்டெப் ஆடினான். அந்த வீடியோ எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த இரவு நான் அச்சகத்தில் தனியாக இருந்தேன். அரை மணி நேரத்தில் எழுதி முடித்தேன். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் நானே கேலரியிலிருந்து எடுத்த அவனுடைய படம். மறைவு என்ற இடத்தில் கடைசியாகத் தோற்ற ஆட்டத்தின் தேதி. 'எங்கள் அருமைக் குமரவேல் கால் வலியால் இயற்கை எய்தினார்.' அடியில் பொடி எழுத்தில், 'நிர்வாகத்தைக் கண்டித்து, வடக்கு கேலரி ரசிகர்கள்.' இருநூறு பிரதி. அடுத்த ஆட்டத்தன்று விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஒட்டினோம். அன்றைக்கு எனக்குக் கிடைத்த பாராட்டு என் கல்யாணத்தில்கூடக் கிடைத்ததில்லை.

போஸ்டரைப் படம் பிடித்தவர்கள் அடியில் இருந்த பொடி எழுத்தை விட்டுவிட்டார்கள். படம் கைமாறிக் கைமாறி மதியத்துக்குள் அவன் பிறந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஊருக்குத்தான் இப்போது, மூன்று மாதம் கழித்து, பஸ் ஏறியிருந்தேன். குழுவில் யாரும் கூட வரவில்லை. போனால் அடிப்பார்கள் என்றார்கள். அடித்தால் தேவலை என்றுதான் எனக்கும் தோன்றியது.

காலை 7.30, திண்டிவனத்தில் பத்து நிமிடம். டீ பதினைந்து ரூபாய், தித்திப்பு ஜாஸ்தி. செஞ்சியில் கோட்டைப் பாறைகளைத் தாண்டியதும் நிலக்கடலைக் கொல்லைகளும் நெல் வயல்களும் மாறி மாறி வருகின்றன. 9.10க்குக் கண்டக்டர் "கீழ்பென்னாத்தூர் இறங்கு" என்று குரல் கொடுத்தார். கடலை மூட்டை ஏற்றிய வேன்கள், உரக்கடை, பூக்கடை எல்லாம் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றன. எழுந்திருக்க வேண்டும் என்று மனசு சொன்னது. கால் கேட்கவில்லை. கண்டக்டர் என்னைப் பார்த்து, நீங்கதானே என்றார். இல்லை, திருவண்ணாமலைக்கே ஒரு டிக்கெட் கொடுங்கள் என்று மேலும் இருபது ரூபாய் நீட்டினேன். கால் வலி என்று ஊரான் வீட்டுப் பிள்ளையைக் கிண்டல் செய்தவன் நான்.

9.50, திருவண்ணாமலை. கோயிலுக்குப் போனேன். கிழக்கு ராஜகோபுரம் பதினொரு நிலை, இருநூற்றுப் பதினேழு அடி, நிமிர்ந்தால் கழுத்து வலிக்கும். பொது வரிசையில் இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். எனக்கு வரிசை பிரச்சினை இல்லை. உள்ளே போய் என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் கோபுரத்தோடு திரும்பிவிட்டேன். ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்து ரமணாசிரமம் பக்கம் இறங்கினேன். செங்கம் சாலை நெடுக வாடகை அறைகள், காபிக்கடைகள். ஒரு வெள்ளைக்காரர் கண்ணை மூடி அசையாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேஜையில் நாற்பது ரூபாய்க் காபியைக் குடித்தபடி நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். போஸ்டர்தான் தெரிந்தது.

போவதென்று முடிவானதும் புதுக் கவலை வந்தது. வெறுங்கையோடு போகலாமா? உடம்பு சரியில்லாத வீட்டுக்கு ஹார்லிக்ஸ் வாங்குவோம். எழவு வீட்டுக்கு மாலை வாங்குவோம். சாகாதவனைச் சாகடித்த வீட்டுக்கு என்ன வாங்குவது என்று எந்த ஊர் வழக்கத்திலும் இல்லை. இரண்டு கிலோ சாத்துக்குடி வாங்கினேன்.

11.30. பாஷா பாய் என்பவரின் ஆட்டோ. கீழ்பென்னாத்தூர் தாண்டி ஐந்து கிலோமீட்டர் உள்ளே, போக வர எழுநூறு ரூபாய். ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. அந்த வீட்டுக்கு ஏற்கெனவே வேண்டிய மட்டும் ஆட்கள் வந்து போய்விட்டார்கள். பெயரைச் சொன்னதும் பாஷா பாய் திரும்பிப் பார்த்து, பந்து ஆடுகிற தம்பி வீடா என்றார். அவன் செத்துவிட்டான் என்று சேதி பரவிய அன்றைக்கு வெளியூர் சொந்தக்காரர்களைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்றிப் போனவர்களில் அவரும் ஒருவராம்.

"அந்தப் புள்ளையோட தாய்மாமன் நம்ம வண்டிலதான் வந்தாரு சார். மடில கோடித்துணி. பொணத்துக்குப் போத்த மாமன்தான எடுத்துனு வரணும். இருபத்தாறு வயசுப் புள்ளைக்குக் கோடி வாங்கினு போறேன் பாயின்னு வழியெல்லாம் அழுதுனே வந்தாரு."

போனபோது வாசலில் பந்தல் போட மூங்கில் இறக்கியிருந்தார்களாம். உடம்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. வந்தவர்கள் உட்கார்ந்து அழுதுவிட்டு, எழவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாதே, அந்த வழக்கப்படி ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து எழுந்து போனார்களாம். விஷயம் பொய் என்று தெரிய மாலை ஆனது. கோடித்துணியை வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது, கடைக்காரனும் திருப்பி எடுக்க மாட்டான். மாமன் அதை ஏரியில் விட்டுவிட்டு ஊர் திரும்பினாராம்.

"எந்தப் பேமானி பண்ணானோ," என்றார் பாஷா பாய். பிறகு, "நீங்க என்ன சார், சொந்தமா?"

ரசிகன் என்றேன். அப்போது உங்களுக்கும் எப்படி இருந்திருக்கும் என்று எனக்காகப் பரிதாபப்பட்டார். சாத்துக்குடிப் பையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வெட்கம் என்றால் என்ன என்று நாற்பத்து மூன்று வயதில் அந்த ஆட்டோவில் தெரிந்துகொண்டேன்.

12.30. கடைசித் தெருவில் சிமெண்டு ஓடு போட்ட வீடு. வாசலில் தையல் மெஷின் போட்டு ஒரு பெண் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். குமரவேலின் அக்கா கஸ்தூரி. அம்மா அப்பா இல்லாத தம்பியை அந்த மெஷினில் தைத்துத்தான் வளர்த்தார் என்பது எனக்கு எல்லாம் நடந்து முடிந்த பிறகு தெரிந்த சேதி. பாஷா பாய் வேப்பமரத்து நிழலில் வண்டியை நிறுத்திக்கொண்டார். நான் வேலிப் படலைத் தாண்டிப் போய், பஸ்ஸில் ஐம்பது தடவை சொல்லிப் பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"அந்தப் போஸ்டர் எழுதினது நான்தாங்க."

மெஷின் நின்றது. அவர் என்னைத் திட்டவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அன்றைக்கு நடந்ததைக் கணக்காகச் சொல்லத் தொடங்கினார். கிளப் ஆபீசுக்கு எத்தனையோ தடவை போன் செய்தாராம். ஒரு தடவை எடுத்தார்கள். "என் தம்பி செத்துட்டானாங்க?" என்று கேட்டிருக்கிறார். வேற வேலை இல்லையா என்று வைத்துவிட்டார்கள். பிறகு யாரும் எடுக்கவில்லை. அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஒரு வாரமாக அந்த எண்ணுக்குப் போன் போட்டு, இல்லாத குரலெல்லாம் காட்டி, திட்டிக்கொண்டிருந்தது நாங்கள்தான். அதையும் அவரிடம் சொன்னேன்.

ஜவுளிக்கடைக்கு ஏன் போனான் என்று கேட்காமலே அவர் சொன்னார். கிளப்புக்கு விளம்பரம் கொடுத்த கடை. முழங்காலில் ஊசி போட்டு நிர்வாகம்தான் அனுப்பியது. போக மாட்டேன் என்றால் சம்பளம் நிற்கும்.

போஸ்டர் ஒட்டி இரண்டாவது வாரம், ரசிகர்களின் உணர்வுக்கு மதிப்பளித்துக் குமரவேலை விடுவிப்பதாகக் கிளப் அறிக்கை விட்டது. பன்னிரண்டு வருடத்தில் எங்கள் உணர்வுக்கு அவர்கள் மதிப்பளித்தது அந்த ஒரே தடவைதான். வலியுள்ள காலை வைத்துக்கொண்டு சம்பளம் கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. அதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதை நான் கறுப்புக் கட்டம் கட்டி அச்சடித்துக் கொடுத்திருந்தேன்.

அப்போது ஒரு மொபெட் வந்து நின்றது. முன்னால் தீவன மூட்டை. இறங்கியவன் இடது காலை மெதுவாக ஊன்றினான். கேலரியிலிருந்து விரல் அளவுக்கே பார்த்துப் பழகிய ஆள், மூன்றடி தூரத்தில் நின்றான். இவர் யாரு அக்கா என்றான்.

"சென்னைலருந்து வந்துகிறாரு," என்றார் அக்கா. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "உன் ரசிகராம்," என்று முடித்தார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். அவன் சிரிப்போடு கையை வேறு நீட்டிவிட்டான். அதைப் பிடிக்க முடியாமல் எழுந்து நின்று மறுபடியும் சொன்னேன். அவன் கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அதே கையால் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, படியில் காலை நீட்டி உட்கார்ந்தான்.

"அன்னிக்கு ஒருத்தன் போஸ்டரக் கிழிச்சி எடுத்துனு ரூமுக்கு வந்தாண்ணா. எல்லாம் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். 'கால் வலியால் இயற்கை எய்தினார்'. நல்லாதான் எழுதிருந்தீங்க." முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். "மேட்ச் அன்னிக்கு ஆடாதவங்க போனையும் வாங்கி வெச்சிடுவாங்க. ஆறரைக்குத்தான் குடுத்தாங்க. நான் பேசறேன், அக்கா நம்பல. எவனோ என் கொரல்ல பேசறான்னு அழுதுச்சி. வீடியோல மூஞ்சியக் காட்டின பொறவுதான் நம்புச்சி."

மன்னித்துவிடு என்றேன். அவன் தெருவைப் பார்த்தான். "நம்ம டீம் எப்டி ஆடறாங்க?" என்றான்.

'நம்ம' என்று சொன்னான். மூன்று மாதமாக நான் அந்த மைதானத்துப் பக்கம் போகவில்லை. போன வாரமும் தோற்றுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதைச் சொன்னேன். எத்தனை கோல் வித்தியாசம் என்று கேட்டான். மூன்று. எழுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து, வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டான்.

அதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இல்லை. சாத்துக்குடிப் பையை நாற்காலிக்கு அடியில் வைத்தேன். அக்கா மறுபடி மெஷினில் குனிந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டு, படலைத் தாண்டி ஆட்டோவை நோக்கி நடந்தேன்.

"சார், நில்லுங்க."

திரும்பினேன். மெஷினிலிருந்து எழுந்து படல் வரைக்கும் வந்திருந்தார். கையில் பாதி தைத்த ரவிக்கை. அதுவரை நிதானமாகப் பேசியவர் இப்போது குரலை உயர்த்தினார்.

"அன்னிக்கு வந்தவங்க அத்தினி பேரும் இப்டித்தான் வாயத் தெறக்காம எழுந்து போனாங்க. இது எழவு வீடு இல்லைங்க. எந்தம்பி உயிரோட இருக்கான். சொல்லிட்டுப் போங்க."

போயிட்டு வரேங்க என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"தெருவுக்குக் கேக்கல," என்றார்.

எதிர்வீட்டில் முறத்தோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தார். பாஷா பாய் சீட்டிலிருந்து இறங்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடம் கேலரியில் நின்று கத்தி, கடைசியில் அவனையே திட்டிய தொண்டைதான் இது. அதே தொண்டையால், வீட்டுக்குப் பின்னால் தீவனம் கொட்டிக்கொண்டிருந்தவனுக்கும் கேட்கும்படி, போயிட்டு வரேன் என்று கத்தினேன்.