கடல் நேர்கோடு, மலை வட்டம்

திருவல்லிக்கேணியில் நாற்பது வருஷம் குடியிருந்தவள் நான். மகளுக்குத் திருவண்ணாமலைக்கு மாற்றல் வந்ததும், கட்டில், பீரோவோடு என்னையும் சேர்த்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு தெரு. மாடி வீடு.

திருவல்லிக்கேணியில் வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று அவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இங்கே இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு தென்னை மரமே நிற்கிறது. யார் வீட்டில் என்ன குழம்பு என்று தெரியாமல் முதல் வாரம் எனக்குச் சோறே இறங்கவில்லை. மாடிப்படிகள் எல்லாம் வீட்டுக்கு வெளியே. வாடகைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் வீட்டுக்காரரைத் தொந்தரவு செய்யாமல் ஏறிப் போவதற்காம். மொட்டை மாடிதோறும் கம்பிகள் தலைமுடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கின்றன, அடுத்த மாடி கட்ட விட்டு வைத்தவை. ஒரு ஊரே இன்னும் வளரலாம் என்று காத்திருப்பதைப் பார்த்தால் இந்த வயதில் எனக்கும் கொஞ்சம் ஆசை வருகிறது.

ஒரே குறை, கேட்டுக்கு ஒரே சாவி. அது மகளோடு வேங்கிக்கால் ஆபீசுக்குப் போய்விடும். நான் வாசலைத் திறந்துபோட்டுவிட்டு எங்கே போவது? இன்னொரு சாவி கேட்டேன்.

"நீ தொலைஞ்சு போயிடுவம்மா."

"நான் என்ன குடையா, தொலைஞ்சு போக?"

"குடைக்காவது வாய் கிடையாது. சரி, ஞாயித்துக்கெழம பெரிய கோயிலுக்குத் தனியா போய்ட்டு, தனியா வா. எனக்கு போன் பண்ணக் கூடாது. வந்துட்டா சாவி. வரலன்னா வீட்டோட இரு."

ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில் போய்ச் சாமி கும்பிட்டேன். திரும்பும்போது நடந்தே போய்க் காட்டுவோம் என்று வீம்பு. கோபுர வாசலில் பூக்காரம்மாவிடம் வழி கேட்டேன்.

"மலைய வலக்கைப் பக்கம் வச்சுக்கினு நடம்மா. ஆசிரமம் வந்துடும்."

இது எனக்குப் பழகின வித்தை. கடலை இடக்கையில் வைத்துக்கொண்டு நடந்துதான் திருவல்லிக்கேணியிலிருந்து மயிலாப்பூருக்குப் போவேன். படிக்காதவளுக்குக் கடலைவிடப் பெரிய போர்டு எது? இங்கே கடலுக்குப் பதில் மலை, அவ்வளவுதான்.

எங்கள் தெருவுக்கு அடையாளம் முனையில் இருக்கும் ஊதா வீடு. அதை மட்டுமே தேடிக்கொண்டு நடந்தேன், வேறெதிலும் கண் போகவில்லை. வரவில்லை. சரி, இன்னும் தூரம் இருக்கும் என்று நடந்தேன். கடைகள் குறைந்தன, மரங்கள் வந்தன. மலை மட்டும் வலக்கையை விட்டு நகரவில்லை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்யும்போது நான் எப்படிச் சந்தேகப்படுவது? அங்கங்கே உட்கார்ந்து, எழுந்து, நடந்து, முட்டி கெஞ்ச ஆரம்பித்தபோது ஒரு டீக்கடை வந்தது.

"கிரிவலமா ஆயா? செருப்போட வந்திருக்கியே?" என்றாள் கடைக்காரி.

"கிரிவலம் இல்லம்மா, வீட்டுக்குப் போறேன். ஆசிரமம் பக்கம்."

அவள் டீ ஆற்றுவதை நிறுத்தினாள். "அதத் தாண்டி எம்மாந்தூரம் வந்துட்ட! இது அடி அண்ணாமலை."

"மலை வலக்கைலதானே இருக்கு?"

"நீ ஒரு வாரம் நடந்தாலும் அங்கதான் இருக்கும் ஆயா. நீ அத சுத்தினு இருக்கற."

கடல் நேராகப் படுத்திருக்கும், மலை வட்டமாக உட்கார்ந்திருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் பயமும் வந்தது. பையிலிருந்து போனை எடுத்தேன். ஒரு தட்டு தட்டினால் மகள் ஓடி வந்துவிடுவாள். அப்புறம் இந்த ஊரை ஜன்னல் கம்பி வழியாகத்தான் பார்க்கலாம். போனைத் திரும்பவும் பைக்குள் போட்டேன்.

"திரும்பிப் போனா மலை எடக்கைக்கு வந்துடுமே, தப்பில்லையா?"

"நடந்து போனாதான் அதெல்லாம். ஆட்டோல ஏறு."

ஆசிரமம் வந்ததும் ஆட்டோக்காரர், "எந்தத் தெரு ஆயா?" என்றார்.

"பேரு தெரியாதுப்பா. முனையில ஊதா வீடு இருந்துச்சு. இப்ப காணோம்."

"வீட்டையே தூக்கினு பூட்டாங்களா?"

கிண்டலுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் மலையைப் பார்த்தேன். அடி அண்ணாமலையில் பார்த்த மலை இல்லை இது. வண்டி நகர நகர அது முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தது. தினமும் காலையில் மாடியில் துணி காயப்போடும்போது நான் பார்க்கும் முகம் ஒன்று உண்டு. பெரிய உச்சி, அதன் இடுப்பில் குழந்தை மாதிரி ஒரு சின்ன மேடு. மேடு மெல்ல மெல்ல வெளியே வந்தது. சரியாக இடுப்பில் ஏறி உட்கார்ந்ததும், "நிறுத்துப்பா!" என்று கத்தினேன்.

எதிரே முனை வீடு. காலையில் நான் கிளம்பின பிறகு பெயிண்ட் அடிக்கிறவர்கள் வந்து பச்சை வலையால் மூடியிருந்தார்கள். ஓரத்தில் துளி ஊதா தெரிந்தது.

மகள் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. எங்கே போனேன் என்று மறைக்காமல் சொன்னேன்.

"ஆட்டோல வந்தா அது தனியா வந்ததா?"

"ஆட்டோக்காரருக்கு வழி சொன்னதே நான்தான்டி."

அவள் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள், பலிக்கவில்லை. உள்ளே போய்ப் புதுச் சாவி ஒன்றைக் கொண்டுவந்தாள். முன்னாடியே செய்து வைத்திருக்கிறாள், திருடி!

"மொதல்ல தெருப் பேரைச் சொல்லு. அப்பதான் தருவேன்."

தெரு முனைக்குக் கூட்டிப் போய்ப் போர்டை எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்தாள். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி மூன்று தடவை சொன்னேன். நாலாவது தடவை சொல்லச் சொன்னபோது சாவி என் கைக்கு வந்துவிட்டிருந்தது. நான் பால் வாங்கக் கிளம்பிவிட்டேன்.