அமாவாசையன்று கேட்ட தறிச் சத்தம்

எழுபதுகளின் தொடக்கத்தில், கார்த்திகை மாத அமாவாசையன்று, சின்ன காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் குடியிருக்கும் ஒரு சந்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு படபடக்கும்; கூடவே சிரிப்பும் வரும்.

ஆறாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லாரி கிளீனராகக் கிளம்பியவன் நான். ஓட்டலில் மாவாட்டினேன், செங்கல் சூளையில் மண் சுமந்தேன். ஓர் ஊரில் கால் தரிக்காது. வண்டி ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கியதும் காஞ்சிபுரத்தில் ஒருவருடைய வாடகைக் காருக்கு டிரைவராகச் சேர்ந்தேன். இரவில் அந்தக் காரின் பின்சீட்டில்தான் படுக்கை. மழை பெய்தால் ஒரு கதவோரம் ஒழுகும். காலை மடக்கிக்கொண்டால் நனையாது.

அந்தக் காரில் ஏறிய நாளிலிருந்தே ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வேகமாகப் போனால் கேட்காது. மெதுவாகப் போனால் மட்டும் பின்னாலிருந்து 'டொக்... டொக்' என்று வரும். சிக்கல் என்னவென்றால், நான் மெதுவாகப் போவதே பகலில் நெசவுத் தெருக்களில்தான். அங்கே வீட்டுக்கு வீடு தறி. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை இரண்டு பக்கச் சுவர்களுக்குள்ளிருந்தும் டொக் டொக் என்று அடி விழுந்துகொண்டே இருக்கும்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் வாலாஜாபாத் சாலையில் காரை விரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சிரித்தார். “ஊருக்குப் புதுசு இல்ல நீ? அது தறிச் சத்தம்பா. போகப் போக உன் காதுக்குப் பழகிடும்.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சொன்னபடியே பழகியும் போயிற்று.

அந்த வருஷம் நல்ல மழை. தாமல் ஏரி நிரம்பிவிட்டது. ஏரி நிரம்பித் தண்ணீர் வழிந்தால் அந்தப் பக்கத்தில் 'கோடி போவுது' என்பார்கள். ஊரே வேடிக்கை பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தது. அமாவாசையன்று நெசவாளர்கள் தறியில் உட்கார மாட்டார்கள். அதனால் ஒரு நெசவுக் குடும்பம் அன்றைக்குப் பார்த்து எங்கள் காரை அமர்த்தியிருந்தது. புருஷன், பெண்டாட்டி, அவர்கள் பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு. கரைமேல் வண்டிப் பாதையிலேயே ஏறி, தண்ணீர் வழியும் இடம்வரை கொண்டுபோய் விடுவதாக நான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். பிள்ளைகள் அதைக் கேட்டுக் கூச்சல் போட்டார்கள்.

எல்லாரையும் திணித்துக்கொண்டு கார் நகர்ந்தது. சந்து குறுகல், பள்ளம் வேறு. மாட்டு வண்டிபோல ஊர்ந்தேன். பின்னால், டொக்... டொக்...

“நிறுத்து தம்பி!” என்றார் அந்த அம்மா. எனக்கு அக்கா வயது. முகம் சிவந்துவிட்டது. “அமாவாசையும் அதுவுமா எவன் தறியில குந்திக்கினு இருக்கான்?”

கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார். தெருவே தறியை விட்டு ஓய்ந்திருக்கும் நாளில் ஒருவன் மட்டும் தறி தட்டுவதாவது! நேராக எதிர்வீட்டு வாசலுக்குப் போனார். அந்த வீட்டுக்காரர் தீபாவளியன்றுகூட நெய்யப் பார்ப்பவர் என்று தெருவில் பெயராம்.

“யோவ், வெளிய வாய்யா! ஒரு நாள் தறிய வுட்டுட்டு இருக்க முடியலியா உன்னால?”

அவர் வாயில் வேப்பங்குச்சியோடு வந்து நின்றார். “யாரு, நானா? உள்ள வந்து பாரும்மா. எந்தறிக்குழியில பூனைதான் படுத்துக்கினு இருக்குது.”

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். நெய்பவர் காலை விட்டுக்கொண்டு உட்காரும் குழியில் பூனைதான் படுத்திருந்தது. அதற்குள் மற்ற வீட்டுக்காரர்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ‘நீயா, நானா’ என்று ஆளாளுக்குச் சத்தியம் பண்ணினார்கள். என் கார் யாரோ ஒருவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் கொஞ்சம் முன்னால் நகர்த்தினேன்.

டொக்.

அக்காவின் புருஷன் காருக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர்கள் வீட்டில் தெலுங்குதான் பேச்சு. மனிதர் பதறியதில் ‘நில்லு’ என்று தமிழில் வரவில்லை. “ஆகு! ஆகு!” என்று கத்தினார். நான் பிரேக்கில் ஏறியே நின்றேன்.

“தறி இல்லடி, கார்!” என்றார் பெண்டாட்டியிடம், தெருவுக்கே கேட்கத் தமிழில். “உன் சீட்டுக்குக் கீழதான் அடிக்குது!”

பிறகு தெருவே சிரித்தது. வேப்பங்குச்சிக்காரர் அக்காவைப் பார்த்து, “இப்ப காருகிட்ட போய்ச் சண்ட போடும்மா” என்றார். “மூடிக்கினு போய்யா” என்றார் அக்கா. அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இத்தனை மாதமும் இதுதானா?

அதற்குப் பிறகு நடந்ததுதான் திருவிழா. தறி ஓடாத நாள், ஆட்கள் சும்மா இருந்தார்கள். காரைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். டிக்கியில் ஜாக்கி ஆடுகிறது என்றார் ஒருவர். ஜாக்கியையும் ஸ்பேனர்களையும் வெளியே எடுத்து வைத்தேன். சத்தம் போகவில்லை. கதவு என்றார் இன்னொருவர். கதவுகளை அமுக்கிப் பிடித்தபடி கூடவே நடந்தார்கள். போகவில்லை. நடக்கிற வேகத்தில் நான் ஓட்ட, இரண்டு பக்கமும் ஆட்கள் குனிந்து காதை நீட்டிக்கொண்டு வந்தார்கள், சாமி புறப்பாட்டுக்கு வருகிற மாதிரி. “நூல இழுத்துக்கினு நாடா ஓடுற சத்தமே இல்ல பாரு, வெறும் அடி மட்டும்தான் வுழுது. இது தறி இல்லன்னு நான் அப்பவே நெனச்சேன்” என்றார் வேப்பங்குச்சிக்காரர். அவரை யாரும் நம்பவில்லை.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அரைச் செங்கல் ஒன்றைப் போட்டு, வலது பின்சக்கரத்தை அதன்மேல் ஏற்றி இறக்கினேன். சத்தமில்லை. இடது பின்சக்கரத்தை ஏற்றி இறக்கினேன். டொக்! பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து மறுபடி ஏற்றினேன். முன்னைவிடப் பலமாக விழுந்தது அடி. “அங்கதான்! அங்கதான்!” என்று தெருவே கத்தியது. எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு, காரை ஜாக்கியில் தூக்கிக் கட்டை கொடுத்துவிட்டு, கீழே படுத்து நுழைந்தேன்.

அச்சைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள்மேல் சேறு அப்பிக் காய்ந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். ஒரு பாளம் உதிர்ந்து முகத்தில் விழுந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் பெரிய பட்டை குறுக்கே முறிந்திருந்தது. முறிந்த இடத்தில் பாதி பழைய துரு, மீதி பாதி புதுசாகப் பளபளத்தது. கீழே இருந்த பட்டைகள்தான் ஏதோ இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன. அவையும் விட்டால் அச்சு ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். அப்புறம் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் கார் தன் இஷ்டத்துக்குத்தான் போகும்.

வெளியே வந்து சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

“ஏரிக்கரை எம்மாம் அகலம் இருக்கும் தம்பி?” என்று கேட்டார் அக்கா. அவர் பக்கத்தில் நின்ற பிள்ளைகளின் தலையை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார்.

ஆள் அனுப்பியதும் முதலாளி சைக்கிளில் வந்தார். குனிந்து பார்த்தார். வெள்ளை வேட்டியோடு அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். “நேத்து சாயங்காலம் எம் பொண்ணுங்கள இதுலதான்பா இட்டுக்கினு போனேன்” என்றார்.

பிள்ளைகள் ஏரி ஏரி என்று அழ ஆரம்பித்தார்கள். அக்கா தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். “ஏரி எங்கயும் ஓடிப் போவாது. பஸ்ஸுல போலாம். நீயும் வா தம்பி, வண்டியில்லாத டைவருக்கு இங்க இன்னா வேலை?”

முதலாளி தலையாட்டினார். போனேன். கரைமேல் எல்லாரும் நடந்துதான் போனோம். ஒரு திருப்பத்தில் கரை பாதி சரிந்து தண்ணீருக்குள் கிடந்தது. மீதியிருந்த பாதை ஒரு கார் அகலம்தான். அதில் காரை ஓட்டிக்காட்டுவதாகத்தான் நான் காலையில் பெருமையடித்திருந்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு, தண்ணீர் வெள்ளை வெள்ளையாக வழிந்து இறங்குவதைப் பார்த்துப் பிள்ளைகள் கத்த, நானும் அவர்களோடு தொண்டை கிழியக் கத்தினேன். உயிரோடு இருப்பது அவ்வளவு சந்தோஷமான விஷயம் என்று அதற்குமுன் எனக்குத் தோன்றியதே இல்லை.

காஞ்சிபுரத்திலும் நான் நிலைக்கவில்லை. எத்தனையோ ஊர், எத்தனையோ வண்டி. எங்கே போனாலும் அந்த ஊர் எப்போது ஓய்ந்திருக்கும் என்று விசாரித்து வைத்துக்கொள்வேன். அந்த வேளையில் வண்டியை நடக்கிற வேகத்தில் ஓட்டிக் காது கொடுப்பேன். தறி ஓடவில்லை என்று காட்டிக்கொண்டு தறிக்குழியில் சுருண்டு படுத்திருந்த அந்தப் பூனை அப்போதெல்லாம் ஞாபகம் வரும். ஊர்ச் சத்தம் என்று நான் விட்டுவிடுகிற ஏதோ ஒன்று என் வண்டியிலிருந்தே வந்துகொண்டிருக்கலாம் என்று அது எனக்கு இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.